ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாதவரோடு பேசுவது

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது என்றால், பாட்டு ஓடுகிறதோ இல்லையோ, காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொள்கிறோம். அதே இயர்ஃபோனை வைத்து, ஒருவரையொருவர் முன்பின் பார்த்தேயிராத இரண்டு பேரை அரை மணி நேரத்துக்குள் கண்ணோடு கண் பார்த்துப் பேசவைக்கிற நாடகங்கள் இருக்கின்றன. மேடை கிடையாது, நடிகர் கிடையாது, வந்தவர்கள்தான் எல்லாம். சின்ன நாடகக் குழுக்களுக்கு ஒலி வேலை பார்க்கிற எனக்கு இந்த வகை நாடகத்தின் மேல் பெரிய ஈடுபாடு உண்டு, அதில் பாதிக்கு மேல் எனக்கு ஒப்புதல் இல்லை என்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், நீளமாகத்தான் வரும்.

முதலில் எனக்கு மிகவும் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். 2007-இல் ரொட்டோசாசா என்ற குழு, அதாவது ஆன்ட் ஹாம்ப்டனும் சில்வியா மெர்குரியாலியும், ‘எட்டிக்கெட்’ என்று ஒரு நாடகம் செய்தார்கள். நடக்கிற இடம் காபிக் கடை. ஓரமாக ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, இரண்டு ஹெட்ஃபோன். மேசை மேல் கைக்கு அடக்கமான சில பொருட்கள், சின்னச் சின்ன மனித பொம்மைகள், ஒரு சாக்பீஸ். இரண்டு பேர் வந்து உட்கார்கிறார்கள். இருவர் காதிலும் ஒரே நேரத்தில் ஒலிப்பதிவு தொடங்குகிறது, ஆனால் இருவருக்கும் வேறு வேறு பதிவு. என்ன சொல்ல வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எந்தப் பொம்மையை எங்கே நகர்த்த வேண்டும் என்று காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது, நீங்கள் அதைச் செய்கிறீர்கள், எதிரில் இருப்பவர் தன் காதில் கேட்பதைச் செய்கிறார். கடையில் காபி குடித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கு அங்கே ஒரு நாடகம் நடப்பதே தெரியாது, யாரோ இரண்டு பேர் கொஞ்சம் விநோதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று வேண்டுமானால் நினைப்பார்கள். நடிப்பவர்களும் பார்ப்பவர்களும் அந்த இருவரே. இந்த வகைக்கு அவர்கள் வைத்த பெயர் ஆட்டோடியாட்ரோ, தானே நடக்கிற நாடகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒலித் தொழில்நுட்பம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமே இல்லை. இரண்டு எம்பி3 கோப்புகள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு கோப்புகளும் ஒரே காலக்கோட்டில் வைத்து வெட்டப்பட்டவை. முதல் ஆள் காதில் ‘இதைச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி வருகிறது, அவர் அதைச் சொல்லி முடிக்க ஐந்து விநாடி ஆகும் என்றால் அந்த ஐந்து விநாடி இரண்டாம் ஆள் காதில் அமைதி இருக்க வேண்டும், அப்போதுதான் அவருக்கு எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும். பிறகு இவர் காதில் பதில் வரி வரும், அவர் காதில் அமைதி. எழுதுகிறவர் உண்மையில் எழுதுவது வசனத்தைவிட அந்த அமைதிகளைத்தான். ஒருவர் மெதுவாகப் பேசுகிறவராக இருப்பார், ஒருவர் சிரித்துவிட்டுச் சொல்வார், ஒருவர் கடைசிச் சொல்லை விழுங்குவார். இந்த எல்லா மனிதர்களுக்கும் இடம் விட்டு ஓர் அமைதியை அளந்து வைப்பது லேசான காரியம் இல்லை.

சரி, இதில் நெருக்கம் எங்கிருந்து வருகிறது?

எதிரில் இருப்பவர் சட்டென்று உங்களைப் பார்த்து, ‘உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவர் காதில் சொல்லப்பட்ட வரியா, அவராகவே சொன்னதா? உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவர் கண் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, கலங்கச் சொல்லி எந்தக் குரலும் சொல்லியிருக்க முடியாதே என்று தோன்றும். ஒரு வரியைச் சொல்லும் முன் அரை விநாடி தயங்குகிறார், அந்தத் தயக்கம் பதிவில் இல்லை, அவருடையது. எழுதிக்கொடுத்த வரிகளுக்கு நடுவே எழுதிக்கொடுக்காத ஒரு மனிதர் அங்கங்கே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், நீங்கள் அவரைத் தேட ஆரம்பித்துவிடுகிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவரை அவ்வளவு உன்னிப்பாக நாம் வேறு எப்போது பார்க்கிறோம்?

இன்னொன்று பொறுப்பு விட்டுப்போவது. இரண்டு அந்நியர்கள் சந்தித்தால் முதலில் யார் பேசுவது, எவ்வளவு நேரம் முகத்தைப் பார்க்கலாம், எந்தக் கேள்வி அத்துமீறல், எல்லாமே பாரம். குரல் வந்து அந்தப் பாரத்தை இறக்கிவைக்கிறது. ‘நானாகக் கேட்கவில்லை, கேட்கச் சொன்னார்கள்’ என்ற ஒரு சின்னச் சாக்கு போதும், கூச்சமே உருவான ஆள்கூட எதிரில் இருப்பவரை நிமிர்ந்து பார்த்துவிடுவார். இந்தச் சாக்கு இரண்டு பேருக்கும் சமமாகக் கிடைக்கிறது என்பது முக்கியம். ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் அது நாடகம் இல்லை, விசாரணை.

நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பெரிய அளவில் இல்லை. நண்பர்கள் ஒத்திகை பார்க்கிற ஒரு கூடத்தில், ஒருவரையொருவர் தெரியாதவர்களாகப் பார்த்து இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, இருபது நிமிட ஒலிப்பதிவு ஒன்று. சாதாரண கைபேசிகள், வயர் இயர்ஃபோன்கள். வயர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ப்ளூடூத் இயர்ஃபோன்களில் ஒலி காதுக்கு வந்துசேரத் தாமதம் ஆகும், பத்தில் ஒரு பங்கு விநாடியிலிருந்து கால் விநாடி வரை, கருவிக்குக் கருவி அது மாறும். பாட்டு கேட்க அது ஒன்றுமே இல்லை. இரண்டு பேர் ஒரே நொடியில் தலை நிமிர வேண்டும் என்று எழுதியிருந்தால் அந்தக் கால் விநாடி எல்லாவற்றையும் குலைத்துவிடும், ஒருவர் நிமிர்ந்து மற்றவருக்காகக் காத்திருப்பதுபோல் ஆகிவிடும். இரண்டு பேரையும் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று எண்ணி ஒன்றாக அழுத்தச் சொல்வதே போதுமானதாக இருந்தது. இந்த அழுத்தும் காரியத்தையும் நாடகத்தில் சேர்த்துவிட்டேன், இருவரும் சேர்ந்து செய்கிற முதல் வேலை அதுதான்.

அந்தப் பதிவில் ஓர் இடத்தில் ‘எதிரில் இருப்பவரின் கைகளைப் பாருங்கள், இந்தக் கைகள் இன்று காலையிலிருந்து எதையெல்லாம் தொட்டிருக்கும் என்று யோசியுங்கள்’ என்று வரும். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் எதுவும் இல்லை. லேத் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரும் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணும் அன்று எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் தன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார், பிறகு தானாகவே எடுத்து மேலே வைத்தார். பதிவு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவர்கள் எழவில்லை. அந்தப் பெண், ‘ஐயா, இந்தத் தழும்பு எப்படி?’ என்று கேட்க, அவர் இரும்புச் சீவல் தெறித்த கதையையும், அந்தக் காலத்தில் கண்ணாடி போடாமல் வேலை பார்த்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். ‘நீ என்னம்மா படிக்கிற?’ என்று அவர் கேட்டது கடைசியில்தான். சாதாரணமாக நம் ஊரில் அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஒலி வேலை செய்கிறவர்களுக்குப் பயன்படும். ஒரே குரலை இரண்டு காதிலும் ஒரே அளவில் கொடுத்தால் அது வெளியிலிருந்து வருவதாகக் கேட்காது, மண்டைக்குள்ளே நடுவில் கேட்கும். நம் சொந்த நினைப்பு ஓடுகிற இடம்போலத் தோன்றுகிற இடத்திலேயே அது போய் உட்கார்ந்துகொள்ளும். அதே குரலை ஒரு காதுப்பக்கம் தள்ளினால், பக்கத்தில் யாரோ வந்து நின்று ரகசியம் சொல்வதாகிவிடும். முதலாவது ‘நான்’ போல, இரண்டாவது ‘அவர்’ போல. எந்த வரி எதற்கு என்று முடிவு செய்வதிலேயே பாதி நாடகம் இருக்கிறது. மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்தால் பல மைக்குகளில் அடிக்குரல் தடித்துவிடும், வானொலி அறிவிப்பாளரின் கம்பீரம் வரும். இந்த வேலைக்கு அந்தக் கம்பீரம் ஆகாது. கொஞ்சம் தள்ளி வைத்து, மெதுவாக, மூச்சை வெட்டியெடுக்காமல் பதிவு செய்வதே நல்லது என்பது என் அனுபவம்.

மூச்சை வெட்டாமல் விடுவது என்றால் கனடாவின் ஒலிக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1991-இல் கனடாவின் பான்ஃப் ஊரில் அவர் செய்த முதல் ஒலிநடை, அதாவது பதிவைக் காதில் கேட்டுக்கொண்டே நடக்கிற நடை, ஒரு காட்டு வழி. அதற்கான யோசனை வந்த விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். கையில் டேப் ரெக்கார்டரோடு நடந்துகொண்டே பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தவர், இடையில் பின்னால் ஓட்டிக் கேட்டிருக்கிறார். தான் நிற்கிற அதே இடத்தில் தன் குரலும் தன் காலடியும் தன் மூச்சும் இன்னோர் ஆளாக நடந்துபோவது கேட்டிருக்கிறது. அங்கிருந்து பிறந்ததுதான் எல்லாம். 1999-இல் லண்டன் வைட்சேப்பல் நூலகத்தில் தொடங்கி வெளித்தெருக்களில் போகிற ஒரு நடையை அவர் செய்தார், பேசுகிற பெண் உங்கள் தோளை ஒட்டி நடப்பதுபோலக் கேட்கும். பைநாரல் பதிவின் வேலை அது. இடது பக்கத்திலிருந்து வருகிற சத்தம் வலது காதுக்கு வந்துசேர ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாக ஆகிறது, அந்தத் துளி வித்தியாசத்தையும் சத்த அளவின் வித்தியாசத்தையும் வைத்தே மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. மனிதத் தலை போன்ற ஒரு பொம்மையின் இரண்டு காதுகளில் மைக் வைத்துப் பதிவு செய்தால் அந்த வித்தியாசமும் சேர்ந்து பதிவாகும். இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி என்பது ஒன்றும் புதிதில்லை. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் ஓபரா அரங்கிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுத்து, ஆளுக்கு இரண்டு ரிசீவர் கொடுத்து, இரண்டு காதிலும் வைத்துக் கேட்கச் செய்தார். அப்போதே மக்கள் வரிசையில் நின்று கேட்டார்கள்.

இங்கேதான் என் சண்டை ஆரம்பிக்கிறது. பைநாரல் ஒலி அற்புதமானது, அதை மறுக்கவே மாட்டேன். 2015-இல் காம்ப்ளிசிட்டே என்ற பிரிட்டிஷ் நாடகக் குழுவுக்காக சைமன் மெக்பர்னி மேடையில் ஒரு பொம்மைத் தலையை வைத்துக்கொண்டு, அரங்கில் இருந்த ஒவ்வொருவர் ஹெட்ஃபோனிலும் அமேசான் காட்டையே கொண்டுவந்து இறக்கினார். ஆனால் அந்த அமைப்பை யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் காதிலும் அவர் தனியாக வந்து மூச்சு விடுகிறார், பக்கத்து நாற்காலிக்காரருக்கு அதில் வேலையே இல்லை. பதிவான குரலோடு ஏற்படுகிற நெருக்கம் அது, பக்கத்து மனிதரோடு ஏற்படுகிற நெருக்கம் இல்லை. இது அந்த நாடகத்தின் குறை இல்லை, அது வாக்குக் கொடுத்ததைச் செய்தது. ஆனால் ‘பார்வையாளர் பங்கேற்பு’, ‘அந்நியர்களை இணைக்கிறோம்’ என்றெல்லாம் விளம்பரம் செய்துவிட்டு, விலை கூடிய ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, காதைச் சுற்றி ஈ பறக்கவிட்டு அனுப்பிவிடுகிற வேலைகள் நிறைய வந்துவிட்டன. ஒலி எவ்வளவு முழுமையாக இருக்கிறதோ அவ்வளவு பக்கத்து ஆள் தேவையில்லாமல் போய்விடுகிறார். எதிரில் இருப்பவர் வந்து நிரப்ப வேண்டிய இடம் ஒன்றை ஒலி விட்டுவைக்க வேண்டும். அந்தக் காலி இடம் இல்லாத ஒலி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எனக்கு அது தனியாள் சினிமாதான்.

அந்த இடத்தைக் கையால் நிரப்பியவர்கள் ஸ்வீடனின் லுண்டால், ஸைட்ல் ஜோடி. 2009-இல் ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் தொடங்கிய அவர்களுடைய நாடகத்தில், வந்தவர்களுக்கு ஹெட்ஃபோனும், வெளிச்சம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்து வேறெதுவும் தெரியாத ஒரு கண்ணாடியும் மாட்டிவிடுவார்கள். காதில் குரல், உள்ளங்கையில் யாரோ ஒருவரின் கை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். குரல் பதிவுதான், கை உயிரோடு இருக்கிற கை, அதில் வியர்வை இருக்கும், தயக்கம் இருக்கும். குரல் எவ்வளவோ சொல்லலாம், அடி எடுத்துவைக்கலாமா என்று தீர்மானிப்பது அந்தக் கைதான்.

இப்போது தொலைபேசிக்கு வருகிறேன். என் கணக்கில் இந்த வகையில் நடந்த பெரிய காரியம் கொல்கத்தாவில் நடந்தது.

2005-இல் ரிமினி புரோட்டோகோல் என்ற ஜெர்மன் குழு, ஹெல்கார்ட் ஹௌக், ஸ்டெஃபான் கேகி, டேனியல் வெட்ஸல் மூவரும், ‘கால் கட்டா’ என்று ஒரு நாடகம் செய்தார்கள். பெர்லினில் ஹெப்பல் அம் ஊஃபர் அரங்குக்கு டிக்கெட் எடுத்துப் போகிறவருக்கு இருக்கை கிடையாது, ஒரு கைபேசி கொடுப்பார்கள். அது அடிக்கும். மறுமுனையில் கொல்கத்தாவில் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்திருக்கிற ஓர் ஊழியர், நிஜமான கால் சென்டர் ஊழியர். ‘வெளியே வாருங்கள், இடது பக்கம் திரும்புங்கள்’ என்று அவர் பெர்லின் தெருக்களில் உங்களை நடத்திக்கொண்டு போவார். அவர் பெர்லினைப் பார்த்ததே இல்லை. அவர் முன்னால் இருப்பது எழுதி வைத்த வழித்தடம், அதில் அடையாளங்கள். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் உங்களுக்கு வழி காட்டுகிறவர் அந்த ஊருக்கே வராதவர், அவருக்குக் கண்ணாக இருக்கிறவர் நீங்கள். இதைவிட நன்றாக யாரும் இரண்டு அந்நியர்களை ஒருவருக்கொருவர் தேவைப்பட வைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

போகிற வழியில் கதையும் ஓடும். 1941-இல் பெர்லினுக்கு வந்துசேர்ந்து, அங்கே சுதந்திர இந்திய மையத்தை நடத்தி, வானொலியில் பேசிய சுபாஷ் சந்திர போஸின் தடம் அது. போஸும் பெர்லினிலிருந்து தொலைவில் இருந்த காதுகளுக்குப் பேசியவர்தான் என்பதை அந்த வழித்தடத்தை எழுதியவர்கள் நன்றாகவே யோசித்திருக்க வேண்டும். இடையிடையே ஊழியர் உங்களைப் பற்றிக் கேட்பார், தன்னைப் பற்றிச் சொல்வார், பாடச் சொல்வார்கள், காதலித்ததுண்டா என்று கேட்பார்கள். அந்தக் காலத்துக் கால் சென்டர் வேலை எப்படிப்பட்டது என்று நம்மில் பலருக்குத் தெரியும், வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை அதில் இருந்தது. ராத்திரி முழுக்க விழித்து, வெளிநாட்டுப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, உச்சரிப்பை மாற்றி, எங்கிருந்து பேசுகிறோம் என்பதை மறைத்து, திட்டு வாங்கிக்கொண்டு பேசுவது. அந்த வேலையின் அதே ஹெட்செட், அதே நாற்காலி, ஆனால் இந்த முறை நான் கொல்கத்தாவிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசலாம். மறுமுனைக்காரர் அழைப்பைத் துண்டிக்கவும் அவசரப்படமாட்டார்.

இந்த நெருக்கத்துக்குக் கூலி உண்டே, ஒருவர் டிக்கெட் எடுத்தவர் மற்றவர் சம்பளத்துக்கு வந்தவர் ஆயிற்றே, அதைப் போய் நெருக்கம் என்பதா என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல கேள்வி. என் பதில், அந்த நாடகம் இதை ஒளித்துவைக்கவில்லை என்பதுதான். 2008-இல் அதே குழு இதை ஓர் அறைக்குள் கொண்டுவந்தது. ஒரு வெற்று அலுவலக அறை, தொலைபேசி அடிக்கும், எடுத்தால் கொல்கத்தா. பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அறையில் இருக்கிற கெட்டில் தானாகக் கொதிக்க ஆரம்பிக்கும், அவர் அங்கிருந்து அதைப் போட்டிருப்பார். தேநீர் போட்டுக்கொள்ளுங்கள் என்பார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு ஒருவர் உங்களுக்கு உபசாரம் செய்கிறார், அது அவருடைய வேலையும்கூட. இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்க்க வைப்பது நேர்மை என்று எனக்குப் படுகிறது. கூலி இருந்தால் அன்பு இருக்காது என்று சொல்லிவிட்டால் நர்ஸையும் ஆசிரியரையும் என்ன செய்வது?

கொல்கத்தா என்றதும் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் நினைவுக்கு வராமல் போகாது. மேடையை விட்டு, விளக்கை விட்டு, மைக்கை விட்டு, பார்வையாளர் மூச்சு படுகிற தூரத்துக்கு நடிகரைக் கொண்டுவந்தவர் அவர். 1980-இல் அவர் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை இங்கே வீதி நாடகம் செய்த ஒரு தலைமுறையையே மாற்றியது, நான் வேலை கற்றுக்கொண்ட மூத்தவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். கருவியைத் தூக்கிப் போட்டால்தான் மனிதரை நெருங்க முடியும் என்றே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே ஊரிலிருந்து, கருவியை மட்டும் வைத்துக்கொண்டு, எட்ட முடியாத தூரத்தில் இருக்கிற ஒருவரை நெருங்கிக் காட்டினார்கள் அந்தக் கால் சென்டர் ஊழியர்கள். இரண்டிலும் மனிதரை மறைக்கிற பகட்டுக்கு இடமில்லை. பெரியவர்களோடு இதைப் பேசும்போது நான் அப்படித்தான் வாதாடுகிறேன், இன்னும் அவர்கள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் 2020. அரங்கங்கள் மூடிக்கிடந்தபோது அமெரிக்காவின் 600 ஹைவேமென் என்ற ஜோடி ‘எ தவுசண்ட் வேஸ்’ என்ற மூன்று பகுதி நாடகத்தின் முதல் பகுதியை வெளியிட்டார்கள். வெறும் தொலைபேசி அழைப்பு. குறித்த நேரத்தில் ஓர் எண்ணுக்கு அழைக்க வேண்டும், இன்னொருவரும் எங்கிருந்தோ அழைத்திருப்பார். இருவருக்கும் நடுவே ஓர் இயந்திரக் குரல். அது கேள்வி கேட்கும், இருவரும் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டும், பெயரை மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நடுவே ஒரு கற்பனை ஓடும், பாலைவனத்தில் கார் நின்றுவிட்டது, இரவாகிறது, நீங்கள் இருவர் மட்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். உயர்தர ஒலி ஒன்றும் கிடையாது, தொலைபேசியின் கரகரப்புதான்.

அந்த இயந்திரக் குரலைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஏன் ஓர் அழகான மனிதக் குரலை வைக்கவில்லை? வைத்திருந்தால் மூன்று பேர் ஆகிவிடும். குழைவாகப் பேசுகிற மூன்றாவது ஆள் மேல்தான் இருவர் கவனமும் போகும். இயந்திரம் உணர்ச்சியில்லாமல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே போகும்போது, மறுமுனையில் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமுவதுகூடப் பெரிய சொத்தாகத் தெரியும். அது அபத்தமாக ஏதாவது கேட்டால் இருவரும் ஒன்றாகச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் இருவரும் ஒரே கட்சி ஆகிவிடுவார்கள். சமூகத்தில் தெரியாத இருவரைச் சேர்த்துவைக்கிற மிகப் பழைய வழி அது, சேர்ந்து ஒன்றைப் பார்த்துச் சிரிப்பது.

ஆனால் குரல் சொன்னதைச் செய்வது என்பதில் ஒரு பயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ரிமினி புரோட்டோகோலே 2013-இல் ‘ரிமோட்’ வரிசையைத் தொடங்கியபோது அதையே கருவாக எடுத்தார்கள். ஐம்பது பேர் ஹெட்ஃபோனோடு ஒரு நகரத்தில் நடக்கிறார்கள், செயற்கைக் குரல் ஒன்று அவர்களை ஒரு மந்தையாக நடத்துகிறது. ஆடு என்றால் ஆடுகிறார்கள், ஓடு என்றால் ஓடுகிறார்கள். நான் ஏன் இதைச் செய்கிறேன் என்ற கேள்வி எப்போது வரும் என்று அந்த நாடகம் காத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்பே, 2002-இல், லிக்னா என்ற ஜெர்மன் குழு ஹாம்பர்க் ரயில் நிலையத்தில் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. பொது இடமாக இருந்த ரயில் நிலையத்தில் உட்காரக் கூடாது, கையேந்தக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வந்திருந்த நேரம். சின்ன ரேடியோவும் இயர்ஃபோனுமாக வந்தவர்கள் நிலையம் முழுக்கச் சிதறி நின்றார்கள். ஒரு சுதந்திர வானொலி சொல்லச் சொல்ல எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள், உள்ளங்கையைக் கொஞ்சம் திருப்பினால் கைகுலுக்க நீட்டிய கை பிச்சை கேட்கிற கை ஆகிவிடும். தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது, பேசிக்கொள்ளவும் இல்லை, ஆனால் எதிர் நடைமேடையில் அதே நொடியில் கை நீட்டுகிற ஒருவரைப் பார்க்கும்போது வருகிற தோழமை இருக்கிறதே, அதற்கும் நெருக்கம் என்றுதான் பெயர்.

ஆகவே கீழ்ப்படிய வைக்கிற கருவி, சேர்த்து வைக்கிற கருவி, இரண்டும் ஒன்றே. எழுதுகிறவர் கையில்தான் இருக்கிறது. நான் எனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டிருக்கிறேன். குரல் முதல் ஒரு நிமிடத்துக்குள்ளேயே ‘எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம், எதிரில் இருப்பவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை’ என்று சொல்லிவிட வேண்டும். தொடச் சொல்லவே மாட்டேன். நம் ஊரில் முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் எதிரெதிரே உட்காரவைத்தால் அந்தப் பெண் எவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்று தெரியும், ஆகவே யாரோடு உட்காருவது என்பதை முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுவிடுவேன். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இயர்ஃபோன் சரிப்படாது, அதே வரிகளை அட்டைகளில் எழுதிக் கையில் கொடுத்துவிடலாம், எதிரில் இருப்பவர் கேட்டுச் செய்வார், இவர் படித்துச் செய்வார், ஒன்றும் குறையாது. 600 ஹைவேமென் தங்கள் இரண்டாம் பகுதியில் ஒலியையே விட்டுவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்தவர்களுக்கு நடுவில் எழுதிய அட்டைகளின் கட்டு ஒன்றை வைத்தார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

தமிழில் எழுதும்போது இன்னொரு தலைவலி. காதுக்குள் பேசுகிற குரல் எந்த மரியாதையில் பேசுவது? ‘பாருங்க’ என்றால் வீட்டு மனிதர்போல ஒரு இதம், ‘பாருங்கள்’ என்றால் ரயில் நிலைய அறிவிப்பு, ‘பாரு’ என்றால் அறுபது வயதுக்காரர் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். எந்த வட்டாரத்துப் பேச்சு என்பது அதற்கு மேல். ஒருவருக்கு நெருக்கமாக ஒலிக்கிற பேச்சு இன்னொருவருக்கு ஊரையும் சாதியையும் ஞாபகப்படுத்தும். கடைசியில் ‘பாருங்க’ என்றுதான் வைத்தேன், ஊர் வாடை குறைந்த பேச்சாக. கொஞ்சம் தட்டையாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தட்டையாக இருப்பதால் எதிரில் இருப்பவரின் பேச்சு நன்றாக எடுபடுகிறது.

இருபது நிமிடப் பதிவின் இரண்டு கோப்புகளும் என்னிடம் இருக்கின்றன, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். வயர் இயர்ஃபோன் இரண்டு வேண்டும், நடுவில் ஒரு மேசை, ஃபேன் சத்தம் அதிகம் இல்லாத இடம். கைபேசிகளை அழைப்பு வராதபடி வைத்துவிடுங்கள். தயவுசெய்து நண்பரோடோ வீட்டில் இருப்பவரோடோ செய்து பார்க்காதீர்கள், அவர்களோடு இது சரியாக நடக்காது, சிரித்துக் கெடுத்துவிடுவீர்கள். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், தினமும் அதே பேருந்தில் வந்தும் பேசாதவர், அப்படி யாரையாவது கேளுங்கள்.